கல்லூரிப் பிள்ளையின் வேலை: கடைசி செமஸ்டர் வரை காத்திருக்காதீர்கள்

குறுவைக்கு நாற்று விடும் அன்றே நடவு நாளையும் மனதில் குறித்துவிடுகிறோம். குறுகிய கால ரகத்துக்கு 18 முதல் 22 நாள் நாற்று என்பது கணக்கு. ஆள் கிடைக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை என்று 35 நாள் வரை நாற்றங்காலிலேயே விட்டால், பிறகு எத்தனை மூட்டை உரம் போட்டாலும் எதிர்பார்த்த தூர் வராது. இதை உங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் கல்லூரிக்குப் போகும் மகன், மகள் விஷயத்தில் மட்டும் நம்மில் பலர் நாள் குறிப்பதில்லை. 'முதல்ல படிச்சு முடிக்கட்டும், வேலையை அப்புறம் பாத்துக்கலாம்' என்று விட்டுவிடுகிறோம்.

அந்த 'அப்புறம்' எப்படிப் போகிறது என்று ஊரில் நான்கு வீடு ஏறி இறங்கினால் தெரியும். மே மாதம் தேர்வு முடிகிறது. சான்றிதழ் கைக்கு வரச் சில மாதங்கள். யாரோ சொன்னார்கள் என்று நகரத்தில் அறை எடுத்து, பயிற்சி மையத்தில் பணம் கட்டி, ஓராண்டு. தேர்வு அறிவிப்பு வந்த பிறகுதான், கேட்கப்படும் படிப்பு வேறு, தான் படித்தது வேறு என்று தெரிகிறது. அல்லது சான்றிதழ் ஒன்று குறைகிறது. இப்படி இரண்டு மூன்று ஆண்டு ஓடிவிடும். அப்பா கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: 'ஏதாவது கெடைச்சுதா?' அந்தக் கேள்விக்குப் பயந்தே பிள்ளை ஊருக்கு வருவதைக் குறைத்துக்கொள்கிறது.

'நான் பத்தாவதே தாண்டல, காலேஜ் படிக்கிற பிள்ளைக்கு நான் என்ன வழி சொல்றது?' என்று நீங்கள் கேட்கலாம். வழி சொல்ல வேண்டாம். ஆனால் கல்லூரியால் கொடுக்க முடியாத சில உங்கள் கையில் இருக்கின்றன. நிலம், பத்து இருபது ஆண்டு வரவு செலவு, வேளாண்மைத் துறை அலுவலர் முதல் மண்டிக்காரர் வரை தெரிந்த முகங்கள். படிப்பு முடிய இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும்போதே இவற்றைப் பிள்ளைக்குத் திறந்து விட்டால் நிறைய மாறும்.

தகுதிப் பத்தியை முதலில் படியுங்கள்

ஒரு சின்ன வேலை. பிள்ளை எந்த வேலைக்குப் போக நினைக்கிறதோ, அந்த வேலைக்குக் கடந்த முறை வந்த அறிவிப்பைக் கைப்பேசியில் இறக்கச் சொல்லுங்கள். முழுவதும் வேண்டாம். 'கல்வித் தகுதி', 'வயது' என்ற இரண்டு பத்திகளை மட்டும் வீட்டில் எல்லோரும் கேட்கச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீரும்.

எல்லாம் 'அக்ரி' தானே என்று நாம் நினைக்கிறோம். ஆனால் வேளாண்மை அலுவலர் பணிக்குக் கேட்பது நான்காண்டு வேளாண் பட்டம். தோட்டக்கலை அலுவலர் பணிக்குத் தோட்டக்கலைப் பட்டம். உதவி வேளாண்மை அலுவலர் பணிக்குக் கேட்பது வேளாண் பட்டயப் படிப்பு. வங்கிகளுக்கான ஐ.பி.பி.எஸ். தேர்வில் 'வேளாண் கள அலுவலர்' பணிக்கு நான்காண்டுப் பட்டம் வேண்டும். ஆனால் அது வேளாண்மை மட்டும் அல்ல. தோட்டக்கலை, கால்நடை, மீன்வளம், பால்வளம், வேளாண் பொறியியல், உணவு அறிவியல் எனப் பட்டியல் நீளம். 20 முதல் 30 வயது வரை எழுதலாம். மூன்றாண்டு தாவரவியல் முடித்த பெண் இந்த வங்கித் தேர்வை எழுத முடியாது. ஆனால் இந்திய உணவுக் கழகத்தின் தொழில்நுட்ப உதவியாளர் பணிக்குத் தாவரவியல், விலங்கியல், நுண்ணுயிரியல் பட்டதாரிகளும் விண்ணப்பிக்கலாம். இந்திய வனப்பணித் தேர்வை வேளாண் பட்டதாரிகள் எழுதலாம் என்பது பல பெற்றோருக்குத் தெரிவதே இல்லை.

மதிப்பெண்ணுக்கும் விலை உண்டு. நபார்டு வங்கியின் உதவி மேலாளர் பணிக்கு எந்தப் பட்டம் இருந்தாலும் போதும், ஆனால் பொதுப் பிரிவினருக்கு 60 சதவீதம் கேட்கிறார்கள். 'பாஸ் பண்ணினால் போதும்' என்று கடைசி ஆண்டில் விட்டவர்களுக்கு இந்தக் கதவு அப்போதே மூடிவிடும். எத்தனை பாடம் நிலுவையில் இருக்கிறது என்பதைக் கோபப்படாமல் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கோபப்பட்டால் பொய்தான் வரும்.

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுகளில் இன்னொன்று. தமிழ்த் தகுதிப் பகுதியில் குறைந்தது 40 சதவீதம் எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் மற்ற விடைகள் மதிப்பீட்டுக்கே எடுக்கப்படாது. பத்தாம் வகுப்புத் தரத்துத் தமிழ்தான். ஆங்கில வழியில் படித்து, வீட்டில் தமிழ்ச் செய்தித்தாள் கூடப் புரட்டாத பிள்ளைகள் இங்கே சறுக்குகிறார்கள். பள்ளி முதல் பட்டம் வரை முழுவதும் தமிழ் வழியில் படித்த பிள்ளையா? தமிழக அரசுப் பணிகளில் அவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கான சான்றைப் படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் வாங்க வேண்டும். பள்ளி மூன்று ஊர்களில் மாறியிருந்தால் மூன்று ஊருக்கும் அலைய வேண்டும். இதையெல்லாம் கோடை விடுமுறையில் முடித்து வைப்பது நல்லது.

மத்திய அரசுச் சான்றிதழில் நடக்கும் தவறு

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்த பிள்ளைகள் பள்ளியிலேயே வாங்கிய சாதிச் சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். மாநிலத் தேர்வுக்கு அது போதும். வங்கி, நபார்டு, உணவுக் கழகம் போன்ற மத்திய அமைப்புகளின் தேர்வுக்குப் போதாது. அதற்கு ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக ஒன்று உண்டு. உங்கள் சாதி மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியலிலும் இருக்க வேண்டும். 'கிரீமிலேயர்', அதாவது வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற வரியும் அந்தச் சான்றிதழில் இருக்க வேண்டும். அதுவும் பழையதாக இருக்கக் கூடாது. அறிவிப்பில் சொல்லும் தேதிகளுக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும்.

இங்கே விவசாயிகள் ஒரு விஷயத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கிரீமிலேயர் வரம்பு ஆண்டுக்கு 8 லட்சம் ரூபாய். அந்த வருமானக் கணக்கில் சம்பளமும் சேராது, விவசாய வருமானமும் சேராது. 'இந்த வருஷம் மஞ்சளுக்கு நல்ல விலை, வரம்பைத் தாண்டிட்டோம்' என்று நீங்களாகவே முடிவுக்கு வந்து விண்ணப்பிக்காமல் இருந்துவிடாதீர்கள். மாநில நில உச்சவரம்பில் 85 சதவீதத்துக்குக் குறையாத பாசன நிலம் வைத்திருக்கும் பெரிய குடும்பங்களுக்கு மட்டும் விதி வேறு. இ-சேவை மையத்தில் விண்ணப்பத்தை நிரப்புபவர் விவசாய வருமானத்தையும் மொத்தமாகக் கூட்டிப் போட்டுவிடுவது உண்டு. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆதாரில் ஒரு பெயர், மதிப்பெண் சான்றிதழில் வேறு எழுத்து, அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால். இப்போது சின்ன விஷயமாகத் தெரியும். சான்றிதழ் சரிபார்ப்பு நாளில் இதற்காகப் பிள்ளை அழுதுகொண்டு நிற்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் கனம் புரியும்.

உங்கள் கடன் அட்டை ஒரு பாடப்புத்தகம்

வங்கியின் வேளாண் கள அலுவலர் என்ன செய்கிறார்? பயிர்க்கடன் விண்ணப்பத்தைப் பார்க்கிறார், நிலத்துக்கு நேரில் போகிறார், எவ்வளவு கொடுக்கலாம் என்று கணக்குப் போடுகிறார், வசூலுக்கும் வருகிறார். நாம் மேஜைக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்ததைப் பிள்ளை அந்தப் பக்கம் இருந்து செய்யப் போகிறது. அதனால் உங்கள் கிசான் கடன் அட்டையையும் கணக்குப் புத்தகத்தையும் எடுத்துப் பிள்ளை முன் வையுங்கள். 'எனக்கு இவ்வளவு கடன் எப்படி வந்தது என்று கண்டுபிடி' என்று சொல்லுங்கள்.

கணக்கு இதுதான். ஒவ்வொரு மாவட்டத்திலும் தொழில்நுட்பக் குழு கூடி, எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன் என்று அளவு வைக்கிறது. அதை உங்கள் பரப்பால் பெருக்க வேண்டும். அந்தத் தொகையில் 10 சதவீதம் அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் வீட்டுச் செலவுக்கும். இன்னும் 20 சதவீதம் பம்புசெட், கருவிகள் போன்ற பண்ணைப் பராமரிப்புக்கு. அதோடு காப்பீட்டுக் கட்டணம். பிள்ளை இதைப் புத்தகத்தில் படித்திருக்கும். ஆனால் சொந்த வீட்டுக் கடனில் போட்டுப் பார்த்த பிள்ளையின் பதில் நேர்முகத் தேர்வில் தனியாகத் தெரியும். 'உங்கள் ஊரில் ஒரு ஏக்கர் நிலக்கடலைக்கு என்ன செலவு?' என்ற கேள்விக்கு, விவசாயி வீட்டுப் பிள்ளைகளே பாடநூல் எண்ணைச் சொல்லிவிட்டு, 'உங்கள் வீட்டில் எவ்வளவு ஆனது?' என்று அடுத்த கேள்வி வந்ததும் விழிப்பதுண்டு. வீட்டில் யாரும் சொன்னதில்லை என்பதுதான் காரணம்.

நம் பழக்கம் அப்படி. கடன் எவ்வளவு, வட்டி எவ்வளவு, போன போகத்தில் கையைக் கடித்தது எவ்வளவு என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கிறோம். படிக்கிற மனசு கெட்டுவிடும் என்ற நினைப்பு. இருபது வயதுப் பிள்ளைக்கு இது தெரிவதில் கெடுதல் இல்லை. ஒரு போகத்துக்குக் கணக்கு எழுதும் பொறுப்பையே கொடுத்துப் பாருங்கள். உழவு, விதை, உரம், மருந்து, கூலி, வண்டி வாடகை, விற்ற விலை, எல்லாம் ஒரு நோட்டில். உங்கள் சொந்த உழைப்புக்கும் கூலி போடச் சொல்லுங்கள். கடைசி வரியில் வரும் எண் உங்கள் இரண்டு பேருக்குமே புதிதாக இருக்கலாம்.

வேளாண் படிப்பு படிக்காத பிள்ளைக்கு

விவசாயி வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் வேளாண் கல்லூரியில் இல்லை. பக்கத்து ஊர் கலைக் கல்லூரியிலோ பொறியியல் கல்லூரியிலோ இருக்கிறார்கள். 'இவன் பி.காம். படிக்கிறான், இதுக்கும் விவசாயத்துக்கும் என்ன சம்பந்தம்?' என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் நம் எல்லோருக்கும் தெரிந்த இடம். அங்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கியிலும் உதவியாளர் பணிக்கு ஏதாவது ஒரு பட்டத்துடன் கூட்டுறவுப் பயிற்சியும் கேட்கிறார்கள். அந்தப் பயிற்சியைக் கூட்டுறவு மேலாண்மை நிலையங்கள் நடத்துகின்றன. அறிவிப்பு வந்த பிறகு பயிற்சியில் சேர்ந்தால் அந்த முறை போய்விடும். பட்டம் முடித்த கையோடு சேர்வதே சரி. கல்லூரியில் கூட்டுறவைப் பாடமாகவே படித்தவர்களுக்குச் சில பாடப் பிரிவுகளில் விலக்கும் உண்டு. தகுதிப் பத்தியைப் படிக்கும்போது அதையும் பாருங்கள்.

உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் இன்னொரு வாய்ப்பு. 2020-ல் மத்திய அரசு 10,000 நிறுவனங்களை உருவாக்கும் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, நம் பக்கமும் வட்டாரத்துக்கு ஒன்றிரண்டு முளைத்துவிட்டன. நீங்களே ஒன்றில் பங்குதாரராக இருக்கலாம். இது நிறுவனச் சட்டத்தின் கீழ் பதிவாவது. ஆண்டுப் பேரவை நடத்த வேண்டும், தணிக்கை செய்ய வேண்டும், ஆண்டு அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும், ஜி.எஸ்.டி. கணக்கு வேண்டும். இந்த எழுத்து வேலையில்தான் பல நிறுவனங்கள் தடுமாறுகின்றன. கணக்கு மென்பொருளும் ஜி.எஸ்.டி. தாக்கலும் தெரிந்த வணிகவியல் மாணவருக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஆனால் ஒரு எச்சரிக்கை. அந்தத் திட்டத்தில் தலைமைச் செயல் அலுவலருக்கு மாதம் 25,000 ரூபாய் வரை, கணக்காளருக்கு 10,000 ரூபாய் வரை எனச் சம்பளத்துக்கு உதவி கிடைப்பது முதல் மூன்று ஆண்டுக்குத்தான். அதற்குப் பிறகு நிறுவனம் தன் வியாபாரத்தில் இருந்தே கொடுக்க வேண்டும். ஆகவே பிள்ளை சேரும் முன் கேட்க வேண்டிய கேள்வி, 'சம்பளம் எவ்வளவு?' என்பது மட்டும் அல்ல. 'போன வருஷம் எவ்வளவுக்கு வியாபாரம் நடந்தது?' என்றும் கேட்க வேண்டும். பெயர்ப் பலகையும் பூட்டிய அறையுமாக இருக்கும் இடத்தில் சேர்ந்தால் அனுபவம் கூடக் கிடைக்காது.

வேதியியல், தாவரவியல், விலங்கியல் படித்தவர்களுக்கு உர, மருந்துக் கடை வழி இருக்கிறது. பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்கு இப்போது கல்வித் தகுதி கட்டாயம். வேளாண்மை அல்லது இந்த அறிவியல் பாடங்களில் பட்டம் வேண்டும். இல்லையென்றால் வேளாண்மை, தோட்டக்கலையில் ஓராண்டுப் பட்டயமாவது வேண்டும். முன்பு போல யார் வேண்டுமானாலும் கடை போட முடியாது. கடனுக்கு மருந்து கொடுத்து வசூலாகாமல் மூடிய கடைகளும் நம் ஊரில் உண்டு என்பதால், முதலில் ஒரு கடையில் ஒரு போகம் முழுக்க வேலை பார்த்துவிட்டு முடிவெடுப்பதே நல்லது. அதே வேளையில் இடுபொருள் கம்பெனிகளின் கள அலுவலர் வேலையும் இருக்கிறது. அதற்கு இரு சக்கர வாகனமும் ஓட்டுநர் உரிமமும் வேண்டும். நன்றாகப் படித்த பிள்ளை உரிமம் இல்லாமல் வாய்ப்பை விடுவது வேடிக்கையான விஷயம், ஆனால் நடக்கிறது.

ட்ரோன் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பு முடித்த, 18 வயதான யாரும் அங்கீகாரம் பெற்ற மையத்தில் பயின்று ஓட்டுநர் சான்று பெறலாம். சென்னையில் அண்ணா பல்கலைக்கழகமும் பயிற்சி தருகிறது. பயிற்சி பற்றி எனக்குச் சந்தேகம் இல்லை, வருமானம் பற்றிய விளம்பரங்களில்தான் சந்தேகம். உங்கள் வட்டாரத்தில் ஒரு போகத்துக்கு எத்தனை ஏக்கர் தெளிப்பு கிடைக்கும், ஏற்கனவே எத்தனை ட்ரோன் ஓடுகிறது, பேட்டரி மாற்ற எவ்வளவு ஆகும் என்று விசாரித்து, ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள். டிராக்டர் வாங்கும் முன் இந்தக் கணக்கைப் போடுகிறோம் அல்லவா, அதேதான்.

விடுமுறையில் பதினைந்து நாள்

செமஸ்டர் விடுமுறையில் பிள்ளை பகல் பதினோரு மணிக்கு எழுந்து கைப்பேசி பார்க்கிறது என்று புலம்புகிறோம். அந்த விடுமுறையில் பதினைந்து நாளை நீங்கள் கேட்டு வாங்குங்கள். உங்களுக்குப் பழக்கமான ஒரு இடத்துக்கு அழைத்துப் போய் அறிமுகம் செய்துவிடுங்கள். வேளாண் அறிவியல் நிலையம் ஆகலாம். நாட்டின் முதல் வேளாண் அறிவியல் நிலையம் 1974-ல் புதுச்சேரியில்தான் தொடங்கப்பட்டது. இன்று நமக்கு மாவட்டத்திலேயே இருக்கிறது. நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஆகலாம். ஈரப்பதம் 17 சதவீதம் என்ற ஒரு எண்ணுக்காக நாம் எத்தனை நாள் நெல்லைக் கொட்டிக் காய வைத்திருக்கிறோம்! அந்த எண்ணை அளக்கும் கருவியைப் பிள்ளை கையில் பிடித்துப் பார்க்கட்டும்.

நான் முதலில் சொல்வது கமிஷன் மண்டியைத்தான். காய்கறியோ வெல்லமோ வாழையோ, நீங்கள் போடும் மண்டியில் ஒரு வாரம் அதிகாலையில் உட்காரச் சொல்லுங்கள். வண்டி வந்து இறங்குவது, தரம் பிரிப்பது, விலை பேசுவது, சிட்டை எழுதுவது, கமிஷன், இறக்குக் கூலி, கழிவு என்று பிடிப்பது. வேளாண் சந்தைப்படுத்தல் பற்றி ஒரு செமஸ்டர் முழுவதும் படித்தாலும் கிடைக்காதது அங்கே விடிவதற்குள் கிடைக்கும். 'படிச்ச பிள்ளையை மண்டியில உக்கார வைக்கிறதா?' என்று வீட்டில் ஒரு குரல் எழும். எழட்டும்.

வேளாண் கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களைக் கிராமத்தில் தங்க வைக்கும் கிராமப்புற வேளாண் பணி அனுபவத் திட்டம் இருக்கிறது. அந்த மாணவர்கள் உங்கள் ஊருக்கும் வந்திருப்பார்கள். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து, செயல்விளக்கத்துக்கு இடம் கொடுத்து அனுப்புவதோடு நிறுத்தாமல், உங்கள் பிள்ளையை அவர்களோடு இரண்டு நாள் சுற்ற விடுங்கள். என்ன தேர்வு எழுதுகிறார்கள், எங்கே விண்ணப்பிக்கிறார்கள் என்பது அவர்கள் பேச்சிலேயே வந்துவிடும். வேறு கல்லூரியில் படிக்கும் பிள்ளைக்கு அது பெரிய உதவி.

இதைப் படிக்கும் விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மானியம் கேட்டு வரும் விவசாயியிடம், 'வீட்டில் காலேஜ் படிக்கிற பிள்ளை இருக்கா?' என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். மண் மாதிரி எடுக்கப் போகும்போது, பயிர் அறுவடைப் பரிசோதனைக்குப் போகும்போது ஒரு மாணவரைக் கூட அழைத்துச் செல்வதில் உங்களுக்குச் செலவு இல்லை. உங்களுக்கு வேலை கிடைத்த கதையைச் சொன்னாலே அது அவர்களுக்கு வழிகாட்டல்தான்.

சொந்தத் தொழில் என்றால்

வேளாண் பட்டதாரிகளுக்கும் பட்டயதாரர்களுக்கும் 2002 முதல் 'அக்ரி கிளினிக்' திட்டம் இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள 'மேனேஜ்' நிறுவனத்தின் மேற்பார்வையில் 45 நாள் தங்கிப் படிக்கும் இலவசப் பயிற்சி. பயிற்சி முடித்துத் திட்ட அறிக்கையுடன் வங்கிக் கடன் பெற்றால், திட்டச் செலவில் 36 சதவீதம் மானியம். பெண்களுக்கும் பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கும் 44 சதவீதம். தனிநபருக்கு 20 லட்சம் ரூபாய் வரையிலான திட்டங்களுக்கு இது பொருந்தும். மண் பரிசோதனை, நாற்றங்கால், இயந்திர வாடகை மையம் எனப் பலவற்றுக்கு வழி உண்டு. மானியம் கடன் கணக்கின் கடைசியில்தான் கழியும், முதலிலேயே கையில் வராது. மானியத்தை நம்பித் தொழில் தொடங்கியவர்கள் தவணை கட்ட முடியாமல் நின்றுபோகிறார்கள். வேளாண் அல்லாத படிப்பாக இருந்து, மாவு, எண்ணெய், மசாலா போன்ற சிறு உணவுத் தொழிலில் ஆர்வம் இருந்தால், மத்திய அரசின் குறு உணவுப் பதப்படுத்தும் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் ரூபாய் மானியம் உண்டு. தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பொருளைச் சோதிக்கவும் பயிற்சி பெறவும் வசதி இருக்கிறது.

வீட்டில் பேச வேண்டிய பேச்சு

'நீயாவது இந்த வெயில்ல காயாம இரு.' நம் வீடுகளில் பிள்ளைகள் அதிகம் கேட்டு வளர்ந்த வாக்கியம் இது. நாலு வருடம் கழித்து வேலை கிடைக்காதபோது, 'சும்மாதானே இருக்க, காட்டைப் பாத்துக்கோ' என்கிறோம். இரண்டையும் கேட்ட பிள்ளைக்கு நிலம் என்பது தோற்றவன் திரும்பி வரும் இடமாகிவிடுகிறது. நிலத்துக்குத் திரும்புவதும் ஒரு திட்டம்தான் என்றால், அதை முதலிலேயே திட்டமாகப் பேசுங்கள். எத்தனை ஏக்கர், எந்தக் கிணறு, கடன் எவ்வளவு, அண்ணன் தம்பி பங்கு என்ன, மாதம் எவ்வளவு பிள்ளை கையில் நிற்கும். மாதக் கணக்கில் எதுவும் சொல்லாமல், 'எல்லாம் உனக்குத்தானே' என்று சொல்வது இருபத்திரண்டு வயதுப் பிள்ளைக்குப் போதாது.

மகள் என்றால் இந்தப் பேச்சே நடப்பதில்லை. தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்விகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு சட்டமாகிவிட்டது. படிப்பில் பல வீடுகளில் மகளே முன்னால் இருக்கிறாள். ஆனால் 'வேலையா, அதை கல்யாணத்துக்கு அப்புறம் அவங்க வீட்ல முடிவு பண்ணட்டும்' என்று முடித்துவிடுகிறோம். வங்கித் தேர்வில் தேறினால் முதல் பணியிடம் ஆந்திராவிலோ ஒடிசாவிலோ கிடைக்கலாம். அங்கே அனுப்புவீர்களா என்பதை ஆணை வந்த பிறகு விவாதித்துப் பயனில்லை. இரண்டு ஆண்டு இரவு பகலாகப் படித்து வாங்கிய ஆணையை, 'அவ்வளவு தூரம் வேண்டாம்' என்ற ஒரு வார்த்தையில் கிழிக்க வைத்த வீடுகள் இருக்கின்றன. அனுப்ப மனமில்லை என்றால் அதை இப்போதே சொல்லுங்கள். மாநிலத் தேர்வுக்கு மட்டும் படிக்கட்டும். அனுப்புவோம் என்றால் அதையும் இப்போதே சொல்லுங்கள். அந்த ஒரு வார்த்தை தரும் தெம்பைப் பயிற்சி மையம் தர முடியாது.

போட்டித் தேர்வுக்கு ஒரு கடைசித் தேதியையும் சேர்ந்தே குறியுங்கள். இரண்டு ஆண்டு என்றால் இரண்டு ஆண்டு. அதுவரை 'கெடைச்சுதா?' என்று கேட்பதில்லை என்று நீங்கள் ஒத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குப் பிறகு, கிடைக்கும் தனியார் வேலையில் சேர்ந்து கொண்டே எழுதுவது என்று பிள்ளை ஒத்துக்கொள்ளட்டும். முடிந்தால் முதல் ஆண்டிலேயே ஏதாவது பகுதிநேர வேலை இருப்பது நல்லது. ஐந்து ஆண்டு தேர்வு மட்டும் எழுதியவரைத் தனியார் கம்பெனி நேர்முகத்தில், 'இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள்?' என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. 'பணம் கொடுத்தால் வேலை உறுதி' என்று வருபவர்கள் தேர்வு அறிவிப்போடு சேர்ந்தே வருகிறார்கள். நமக்குத் தெரிந்தவர் மூலமாகத்தான் வருவார்கள், அதனால்தான் நம்புகிறோம். டி.என்.பி.எஸ்.சி.யும் ஐ.பி.பி.எஸ்.ஸும் எழுத்துத் தேர்வு நடத்தித்தான் ஆள் எடுக்கின்றன. பணத்தை வாங்கி வைத்துக்கொண்டு, பத்துப் பேரில் தன் படிப்பால் தேறிய ஒருவரின் பணத்தை 'நான்தான் வாங்கிக் கொடுத்தேன்' என்று எடுத்துக்கொண்டு, மற்ற ஒன்பது பேருக்கு இழுத்தடிப்பதுதான் அந்தத் தொழிலின் நுட்பம். அரை ஏக்கரை விற்றுக் கொடுத்த குடும்பம் புகார் கொடுக்கவும் கூசும், கொடுத்ததே தவறு என்பதால்.

பயிற்சிக்குக் கட்டாயம் பணம் செலவழிக்க வேண்டும் என்றும் இல்லை. ஒவ்வொரு மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையத்திலும் 'தன்னார்வ பயிலும் வட்டம்' இயங்குகிறது. போட்டித் தேர்வுக்கு இலவச வகுப்புகள் நடக்கின்றன, புத்தகங்களும் இருக்கின்றன. கல்லூரி மாணவர்களுக்கு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டத்தில் உங்கள் பிள்ளையின் கல்லூரி என்ன பயிற்சி தருகிறது என்பதையும் துறைத் தலைவரிடம் கேட்டுக்கொள்ளலாம். அடுத்த முறை கலெக்டர் அலுவலகத்துக்கு விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்குப் போகும்போது பிள்ளையையும் அழைத்துப் போங்கள். கூட்டம் முடிந்ததும் நேராக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போய், தன்னார்வ வட்டத்தின் பொறுப்பாளர் யார், வகுப்பு எந்தக் கிழமை என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.